கேம்பர்வேனில் லித்தியம் பேட்டரி: பனிக்காலத்தைச் சேதமில்லாமல் கடத்த முழுமையான வழிகாட்டி

லித்தியம் பேட்டரி குளிரில் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. குளிர்ந்து கிடக்கும்போது அதற்குள் சார்ஜ் ஏற்றினால்தான் வம்பு. இது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் கொஞ்சம் ஒயரிங், கொஞ்சம் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் தங்கிப் பயணம் செய்ய கேம்பர்வேன் வாங்கி லித்தியம் போட்ட பலர் இந்த இடத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் கடைக்காரர் "பத்து வருஷம் உழைக்கும், எதையும் பார்க்க வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்கிறார்.

பிரிட்டனில், அதிலும் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பக்கம், டிசம்பர் முதல் மார்ச் வரை வேனில் தங்குகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அங்கே குளிர் என்றால் விளையாட்டில்லை. பிரேமர் ஊரில் 1982 ஜனவரியில் மைனஸ் 27.2 டிகிரி வரை இறங்கியிருக்கிறது, 2021 பிப்ரவரியில்கூட அதே ஊரில் மைனஸ் 23. அதெல்லாம் சாதனைக் கணக்கு. சாதாரணமாகத் தெளிந்த வானம் உள்ள ஓர் இரவில் மைனஸ் 5, மைனஸ் 8 என்று போகும். பேட்டரிக்கு அதுவே போதுமான தலைவலி.

நான் பேசுவது லெஷர் பேட்டரியைப் பற்றி. அது எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற பேட்டரி இல்லை, வேனுக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், போன் சார்ஜ் எல்லாவற்றையும் ஓட்டும் இரண்டாவது பேட்டரி. இப்போது வேன்களில் போடுவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, சுருக்கமாக எல்எஃப்பி. நான்கு செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், மொத்தம் 12.8. கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்குத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் ஒரு முனையாக இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து உட்கார வேண்டும். குளிரில் இந்த நுழைவு மந்தமாகிவிடும். சார்ஜரோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே போக இடம் கிடைக்காத லித்தியம் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது, அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். திரும்பத் திரும்ப நடந்தால் படிவு ஊசிபோல் வளர்ந்து நடுவில் இருக்கும் தடுப்பைத் துளைத்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு.

இதில் எரிச்சலான விஷயம், எந்த அறிகுறியும் தெரியாது என்பது. நாற்றம் இல்லை, புகை இல்லை, பேட்டரியின் போன் ஆப்பில் சிவப்பு எழுத்து இல்லை. நம் ஊர் வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி தண்ணீர் குறைந்தால் கொதித்து, நாறி, ஊரைக் கூட்டிவிடும். இது சத்தமே போடாமல் 100 ஏஎச்சிலிருந்து (ஏஎச் என்றால் ஆம்ப்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) 80 ஏஎச்சுக்கு இறங்கிவிட்டு, அடுத்த குளிர்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஹீட்டர் நின்ற பிறகுதான் விஷயத்தைச் சொல்லும்.

மின்சாரத்தை வெளியே எடுப்பது வேறு கதை. பெரும்பாலான எல்எஃப்பி பேட்டரிகள் மைனஸ் 20 டிகிரி வரை மின்சாரம் தரும், அதனால் சேதமும் இல்லை. தருவது குறையும், அவ்வளவுதான்: 0 டிகிரியில் சுமார் 80 சதவீதம், மைனஸ் 20-இல் ஏறக்குறைய பாதி. அது தற்காலிகக் குறைவு, வெதுவெதுப்பானதும் திரும்பி வந்துவிடும். ஆக, குளிரில் எடுக்கலாம், குளிரில் போடக் கூடாது. இந்த வித்தியாசத்தை வைத்தே பின்னால் ஒரு வேலை செய்யப்போகிறோம்.

படி 1: உங்கள் பேட்டரி தன்னைத் தானே காத்துக்கொள்ளுமா என்று பாருங்கள்

பேட்டரியின் உள்ளே பிஎம்எஸ் என்று ஒரு பலகை இருக்கும். செல்களின் வோல்டேஜ், கரண்ட், சூடு எல்லாவற்றையும் பார்த்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. ஆனால் எல்லா பிஎம்எஸ்சுக்கும் குளிர் பாதுகாப்பு கிடையாது. மலிவு விலைப் பேட்டரிகளில் இதை விட்டுவிடுவது சகஜம். கையேட்டில் "குறைந்த வெப்பநிலையில் சார்ஜ் துண்டிப்பு" என்ற பொருளில் தனியாக ஒரு வரி இருக்க வேண்டும், அதில் இரண்டு எண்களும் இருக்க வேண்டும்: எத்தனை டிகிரியில் நிறுத்தும், எத்தனை டிகிரியில் திரும்பத் திறக்கும். வழக்கமாக 0-இல் நிறுத்தி 5-இல் திறக்கும். "சார்ஜ் வெப்பநிலை 0 முதல் 45 டிகிரி" என்று மட்டும் போட்டிருந்தால் அது உங்களுக்குச் சொல்லும் புத்திமதி. பேட்டரி அதைத் தானாகக் கடைப்பிடிக்கும் என்று அர்த்தமில்லை.

நேரில் சோதிப்பதும் சுலபம். உறைபனி விழுந்த ஒரு காலையில், ஆப்பில் பேட்டரி 0-க்குக் கீழே காட்டும்போது, சார்ஜரைக் குறைந்த ஆம்ப்பில் வைத்து ஆன் செய்து, சில நொடி மட்டும் கரண்ட்டைப் பாருங்கள். கரண்ட் பூஜ்யம் என்றால் பாதுகாப்பு வேலை செய்கிறது. ஓடினால் உடனே ஆஃப் செய்யுங்கள். இனி அந்தப் பொறுப்பு உங்களுடையது.

பாதுகாப்பு இருந்தாலும் அதைத் தினசரி சுவிட்ச்போல் நம்பி ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. பிஎம்எஸ் கடைசித் தடுப்பு. அதற்கு முன்னாலேயே சார்ஜர் நின்றிருக்க வேண்டும். விக்ட்ரான் என்ற நிறுவனம் தன் ஸ்மார்ட் லித்தியம் பேட்டரிகளுக்குச் சார்ஜ் எல்லையையே 0-இல் வைக்காமல் 5 டிகிரியில் வைத்திருக்கிறது. நானும் எந்தப் பிராண்டாக இருந்தாலும் 5 டிகிரியைத்தான் கோடாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 5-இலிருந்து 10 டிகிரி வரைகூட மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்: 100 ஏஎச் பேட்டரிக்கு 10 முதல் 20 ஆம்ப் வரை போதும்.

படி 2: சூட்டை எங்கே அளக்கிறீர்கள்?

வேனுக்குள் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 16 டிகிரி காட்டும், பின்கதவோரம் தரையில் இருக்கும் பேட்டரி 1 டிகிரியில் இருக்கும். இரண்டும் உண்மைதான். பேட்டரிக்குத் தனியாக ஒரு சென்சார் வேண்டும், அதுவும் செல்லின் உடம்போடு ஒட்டி. உள்ளே கை வைக்க முடியாத பேட்டரி என்றால், பெட்டியின் பக்கவாட்டில் நடு உயரத்தில், ஹீட்டிங் பேடிலிருந்து தள்ளி ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப் போடுங்கள். டெர்மினலில் மாட்டும் வகை சென்சாரும் பரவாயில்லை.

சில பேட்டரிகளில் பிஎம்எஸ்சின் சென்சார் செல்லில் இருக்காது, அந்தப் பலகையிலேயே இருக்கும். சார்ஜ் ஓடும்போது பலகை சூடாகும், செல் இன்னும் விறைத்துக் கிடக்கும், ஆப் 9 டிகிரி என்று சொல்லும். ஆப்பில் இரண்டு வெப்பநிலை தெரிந்தால் எது செல், எது பலகை என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் தெரிகிறது, அதுவும் சார்ஜ் தொடங்கிய நிமிடத்திலேயே விறுவிறுவென்று ஏறுகிறது என்றால் அது பலகைதான். செல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது.

இன்னொன்று, பேட்டரி காற்றைவிட மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடாகும். விடியலில்தான் காற்று ரொம்பக் குளிராக இருக்கும், ஆனால் பேட்டரி தன் அடிமட்டத்தைத் தொடுவது ஒன்பது, பத்து மணிக்கு. வெளியே பனி சொட்ட ஆரம்பித்துவிட்டதே என்று நினைக்கிற அதே நேரத்தில்!

படி 3: பேட்டரியை உள்ளே கொண்டுவாருங்கள்

செலவில்லாமல் பாதிப் பிரச்சினையைத் தீர்ப்பது இதுதான். வேனின் அடியில் வெளியே தொங்கும் பெட்டி, பின்பக்க கராஜ், தகரச் சுவரோடு ஒட்டிய மூலை, இவையெல்லாம் குளிர்காலத்துக்கு மோசமான இடங்கள். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், அல்லது உட்காரும் பெஞ்சுக்குள், ஹீட்டரின் சூடான காற்று போகும் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் நீங்கள் சூடாக இருக்கும் வரை பேட்டரியும் சூடாக இருக்கும். பெஞ்சுப் பெட்டியின் இரண்டு பக்கமும் கைப்பிடி அளவில் ஓட்டை போட்டு, உள்ளே காற்று ஓட விடுங்கள். தகரத் தரையில் நேரடியாக வைக்காமல், கீழே பிளைவுட்டும் அதற்கடியில் 25 மில்லிமீட்டர் இறுக்கமான ஃபோம் பலகையும் போடுங்கள். பெல்ட்டோ உலோகப் பட்டையோ போட்டு இறுக்கிக் கட்டவும் மறக்காதீர்கள். 12 கிலோ எடை திடீர் பிரேக்கில் பறந்து வரும்.

படி 4: மூன்று வாசல்களையும் கட்டுப்படுத்துங்கள்

பேட்டரிக்குள் மின்சாரம் நுழைய மூன்று வழி உண்டு: சோலார், ஓடும் எஞ்சின், கேம்ப்சைட்டின் 230 வோல்ட் ஹூக்-அப். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தடுப்பு வேண்டும்.

சோலார்தான் கள்ளத்தனமானது, ஏனென்றால் அது யாரையும் கேட்காமல் தானாக ஆரம்பிக்கும். மேகமில்லாத இரவுதான் மிகக் குளிரும், அந்த இரவுக்குப் பிறகு வரும் காலைதான் வெயிலும் அடிக்கும். பேட்டரி விறைத்துக் கிடக்கும் நேரமும் பேனல் விழிக்கும் நேரமும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி சார்ஜரில் லித்தியம் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, குறைந்த வெப்பநிலைத் துண்டிப்பை 5 டிகிரியில் வையுங்கள். ஆனால் அந்த அமைப்பு வேலை செய்ய எம்பிபிடிக்குப் பேட்டரியின் சூடு தெரிய வேண்டும். அதன் உள்ளே இருக்கும் சென்சார் அதன் சொந்த உடம்புச் சூட்டைத்தான் அளக்கும். விக்ட்ரான் போட்டிருந்தால் ஸ்மார்ட் பேட்டரி சென்ஸ் என்ற சின்னப் பெட்டியையோ, வெப்பச் சென்சார் மாட்டிய ஸ்மார்ட்ஷன்ட் என்ற கரண்ட் மீட்டரையோ ப்ளூடூத் வழியாக எம்பிபிடியோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஆப்பில் 5 டிகிரி என்று எழுதியிருக்கும், நடப்பதோ வேறு.

அங்கேயே இன்னோர் அமைப்பையும் பாருங்கள்: டெம்பரேச்சர் காம்பன்சேஷன். ஈய பேட்டரிக்குக் குளிரில் வோல்டேஜைக் கூட்டித் தர வேண்டும் என்பதால் பல சார்ஜர்கள் 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 16 மில்லிவோல்ட் அளவில் கூட்டிக்கொண்டே போகும். 0 டிகிரியில் அது 0.4 வோல்ட் ஆகிவிடும், 14.4 என்று நீங்கள் வைத்தது 14.8 ஆகும், செல்லுக்கு 3.7. எல்எஃப்பி செல்லின் மேல் எல்லை 3.65. லித்தியத்துக்கு இந்த எண் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

எஞ்சின் வழிதான் ஆம்ப் அதிகம் உள்ளது, ஆகவே சேதமும் அதிகம். காலையில் சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் தரும் மின்சாரத்தை லெஷர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் மைனஸ் 3 டிகிரி பேட்டரிக்குள் 30 ஆம்ப்பையும் தள்ளும். முன்சீட்டு ஹீட்டர் உங்கள் காலைச் சூடாக்கும், பின்னால் இருக்கும் பேட்டரியைச் சூடாக்காது; இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் பின்பக்கம் அப்படியே இருக்கும். நல்ல டிசி-டிசி சார்ஜர்களில் ரிமோட் ஆன்/ஆஃப் முனை இருக்கும். அதில் பேட்டரிமேல் ஒட்டிய ஒரு தெர்மோஸ்டாட்டைக் கோர்த்து, 7 டிகிரிக்கு மேல் மட்டும் ஆன் ஆகும்படி வைக்கலாம். அதெல்லாம் முடியாது என்றால் டாஷ்போர்டில் ஒரு சாதாரண சுவிட்ச். சில பவுண்டில் வேலை முடிந்தது, காலையில் ஆப்பைப் பார்த்துவிட்டு நீங்களே போடுங்கள். நான் இரண்டையும் வரிசையாகக் கோர்ப்பேன்.

பழைய வேன்களில் டிசி-டிசி இல்லாமல், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை ஒரு ரிலே மூலம் நேராக லெஷர் பேட்டரியோடு இணைத்திருப்பார்கள். லித்தியத்துக்கு அதை வைத்துக்கொள்ளாதீர்கள். லித்தியம் கேட்கிற கரண்ட் ஆல்டர்னேட்டரைச் சுட வைக்கும். அதோடு, சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது பிஎம்எஸ் குளிரென்று பட்டென்று துண்டித்தால், போக இடமில்லாத மின்சாரம் வோல்டேஜாகத் துள்ளி ஆல்டர்னேட்டரின் டையோடுகளை அடித்துவிடலாம்.

ஹூக்-அப்தான் சாதுவானது. நீங்கள் பிளக் போட்டால்தான் வரும். ஆனால் சைட்டுக்கு வந்து நீலக் கேபிளை மாட்டியதும் சார்ஜரையும் சேர்த்து ஆன் செய்துவிடுவது எல்லாருக்கும் கை பழக்கம். முதலில் 230 வோல்ட்டில் ஒரு சின்ன ஃபேன் ஹீட்டரையோ ஆயில் ரேடியேட்டரையோ போட்டு வேனைச் சூடாக்குங்கள், பெஞ்சு மூடியைத் திறந்து வையுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பேட்டரி 8, 10 டிகிரிக்கு வந்ததும் சார்ஜர். 10 ஆம்ப் ஹூக்-அப் என்றால் மொத்தம் 2300 வாட்தான், கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகும். சார்ஜரில் ஈக்வலைசேஷன், டி-சல்ஃபேஷன் என்ற பெயரில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அவை ஈய பேட்டரிக்கானவை.

படி 5: பேட்டரிக்கு ஒரு சூடான பெட்டி

இடம் மாற்ற முடியாதவர்களுக்கும், வேனை நாள் முழுவதும் ஸ்கீ மையத்தின் கார் பார்க்கில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் இது வேண்டும். வெறும் ஃபோம் பெட்டி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, கணக்கைப் பாருங்கள். 100 ஏஎச் பேட்டரி சுமார் 12 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 12 கிலோஜூல் வேண்டும். 25 மில்லிமீட்டர் ஃபோம் போட்ட பெட்டி வெளியே குளிராக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.8 வாட் அளவில் சூட்டை விடும். பேட்டரி 10 டிகிரியில் இருந்து, வெளியே மைனஸ் 5 என்றால், சுமார் நாலரை மணி நேரத்தில் பேட்டரி 0-க்கு வந்துவிடும். ஒரு ஹைலேண்ட்ஸ் இரவு பதினேழு மணி நேரம். ஃபோம் நேரத்தைத் தள்ளிப்போடும், சூட்டை உண்டாக்காது.

சூட்டை உண்டாக்க 12 வோல்ட் சிலிக்கோன் ஹீட்டிங் பேட் ஒன்று, 30 வாட் போதும். அதை 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ஒட்டி, அந்தத் தகட்டின்மேல் பேட்டரியை உட்கார வையுங்கள், சூடு ஒரே இடத்தில் குவியாமல் பரவும். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டை 5 டிகிரியில் ஆன், 9 டிகிரியில் ஆஃப் என்று வைத்து, பாசிட்டிவ் ஒயரில் 5 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். நான்கு பக்கமும் ஃபோம், மேலே கழற்றக்கூடிய மூடி. கோடையில் அந்த மூடியை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் லித்தியத்துக்கு 45 டிகிரிக்கு மேலேயும் ஆகாது.

பேடுக்கு மின்சாரம் எங்கிருந்து? அந்தப் பேட்டரியிலிருந்தேதான். குளிரில் எடுக்கலாம், போடக் கூடாது என்று மேலே சொன்னது இதற்குத்தான் கைகொடுக்கிறது. மைனஸ் 5-இலிருந்து பிளஸ் 5 வரை சூடாக்க 120 கிலோஜூல், அதாவது 33 வாட்-ஹவர். முழு பேட்டரி 1280 வாட்-ஹவர். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால்கூட ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான செலவில் முடிந்துவிடும். இரவு முழுக்க மைனஸ் 10-இல் 5 டிகிரியைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமென்றால் தொடர்ந்து 12 வாட் வேண்டும். பதினான்கு மணி நேரத்துக்கு 13 ஏஎச். அது கொஞ்சம் உறைக்கும். ஆகவே இரவு முழுக்கப் பிடித்துவைப்பதைவிட, காலையில் சார்ஜ் கிடைக்கப்போகும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பேடை ஆன் செய்வதுதான் சிக்கனம். தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் ஒரு டைமர் போட்டால் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

உள்ளேயே ஹீட்டர் வைத்த பேட்டரிகளும் இப்போது கிடைக்கின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்கிவிடுங்கள், தகடு வெட்டும் வேலை மிச்சம். ஆனால் அவற்றில் பல, சார்ஜர் கரண்ட் தர ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கரண்டைத் திருப்பி ஹீட்டருக்கு விடும். டிசம்பர் சோலார் தரும் அரை ஆம்ப்புக்கு அந்த ஹீட்டர் எழுந்திருக்காது. வாங்கும்போது, ஹீட்டர் ஓட எத்தனை ஆம்ப் வேண்டும், கையால் ஆன் செய்ய முடியுமா என்ற இரண்டு கேள்வியையும் கேளுங்கள்.

படி 6: ராத்திரிக் கணக்கு

குளிர்காலத்தில் சோலாரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஹைலேண்ட்ஸில் இருக்கும் அவிமோர் ஊர்ப் பக்கம் டிசம்பர் கடைசியில் பகல் ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல், நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் ஏறாது. கூரைமேல் படுத்த நிலையில் இருக்கும் 200 வாட் பேனல் ஒரு நாளைக்குச் சில ஏஎச் தந்தால் அதிர்ஷ்டம்; பனி மூடினால் அதுவும் இல்லை. (பனியை மெல்லிய பிரஷால் தள்ளுங்கள், கண்ணாடி சுரண்டும் பிளாஸ்டிக்கைப் பேனலில் வைக்காதீர்கள்.)

செலவு எப்படி என்றால், டீசல் ஹீட்டர் ஓடும்போது சராசரி 1.2 ஆம்ப் என்று வைத்தால் பதினான்கு மணி நேரத்துக்கு 17 ஏஎச். பற்றவைக்கும்போது க்ளோ பிளக் சில நிமிடம் 8 முதல் 10 ஆம்ப் வரை இழுக்கும், ஆகவே அடிக்கடி ஆஃப் செய்து ஆன் செய்வதைவிடக் குறைந்த சூட்டில் ஓட விடுவது நல்லது. ஃபிரிட்ஜ் குளிரில் சோம்பேறியாக 10 ஏஎச்சோடு நிற்கும். லேப்டாப், போன், விளக்கு சேர்த்து 13. மொத்தம் 40, பேட்டரி பேடையும் ஓட்டினால் 50-ஐத் தாண்டும். 100 ஏஎச் பேட்டரி குளிரில் 80 தான் தரும், அதில் கடைசி 20-ஐத் தொடக் கூடாது. ஒரு ராத்திரிதான் தாங்கும்.

அந்தக் கடைசி 20-ஐத் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் டீசல் ஹீட்டர். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்து பிஎம்எஸ் துண்டித்தால், எரியும் அறையைக் குளிரவைக்கும் ஃபேனும் சேர்ந்து நின்றுவிடும். சாதாரணமாக ஆஃப் செய்தால் சில நிமிடம் ஃபேன் ஓடி உள்ளே குளிர்ந்த பிறகுதான் நிற்கும். திடீரென்று மின்சாரம் போனால் அந்தச் சூடு பிளாஸ்டிக்கையும் சர்க்யூட்டையும் பதம் பார்க்கும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு ஹீட்டரும் இல்லை, பேட்டரியும் இல்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயலாம் என்ற யோசனை அப்போதுதான் வரும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேனில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

திரும்ப நிரப்புவது ஓட்டம்தான். 30 ஆம்ப் டிசி-டிசி, பேட்டரி சூடாக இருந்தால், மணிக்குச் சுமார் 28 ஏஎச் தரும். அவிமோரிலிருந்து இன்வெர்னெஸ் போய்த் திரும்பினால் 35 ஏஎச் கிடைக்கலாம். பேட்டரி விறைத்திருந்து முதல் முக்கால் மணி நேரம் சார்ஜே ஏறாமல் போனால் அதில் பாதி போய்விடும். முன்கூட்டியே பேடை ஆன் செய்வது சேதத்தைத் தடுக்க மட்டும் இல்லை, டீசல் காசுக்கும்தான்.

மீதி எவ்வளவு என்று வோல்டேஜைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்எஃப்பி 70 சதவீதத்திலும் 13.2 காட்டும், 50 சதவீதத்திலும் ஏறக்குறைய அதையேதான் காட்டும், குளிரில் லோடு போட்டால் இன்னும் கீழே இறங்கிப் பயமுறுத்தும். பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்ட்டைக் கணக்கு வைக்கும் ஷன்ட் வேண்டும். ஷன்ட்டும் குளிர்காலத்தில் மெல்ல வழி தவறும், ஏனென்றால் பேட்டரி 100 சதவீதத்தைத் தொட்டால்தான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும், நாமோ 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே ஓட்டிக்கொண்டிருப்போம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஹூக்-அப் உள்ள சைட்டில் ஒரு ராத்திரி தங்கி முழுக்க ஏற்றுங்கள். செல்கள் ஒன்றோடொன்று சமனாவதும் அந்த மேல்மட்டத்தில்தான் நடக்கும்.

படி 7: காலையில் செய்ய வேண்டிய வரிசை

அவிமோருக்கு அருகில் இருக்கும் க்ளென்மோர் பக்கம் ஜனவரிக் காலை எப்படி இருக்கும் என்று வைத்துச் சொல்கிறேன். மணி எட்டே கால், இப்போதுதான் வெளுக்கிறது. ஜன்னலின் உள்பக்கமே ஐஸ் பூவாகப் பூத்திருக்கிறது. வெளியே மைனஸ் 7, வேனுக்குள் 14. ஆப்பைத் திறந்தால் பேட்டரி 2 டிகிரி, 58 சதவீதம். டிசி-டிசி சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் சாவி. பேட்டரி பேட் ஆன், பெஞ்சு மூடி திறப்பு, காபிக்குத் தண்ணீர். ஒன்பது மணிக்கு 5, ஒன்பதரைக்கு 7. காபி குடித்து, படுக்கையைச் சுருட்டி, கண்ணாடி சுரண்டி முடிக்கும்போது 8 டிகிரி. இப்போது எஞ்சின், டிசி-டிசி ஆன். ஆம்ப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் முதல் இருபது நிமிடம் பாதியில் ஓட்டுங்கள். சார்ஜ் ஓட ஆரம்பித்ததும் செல்லும் தன் பங்குக்குச் சற்றுச் சூடாகும்.

பேடும் இல்லை, பேட்டரியும் 0-க்குக் கீழே என்றால்? வெந்நீர் பை இருக்கிறதே. ரப்பர் பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 20-க்கு ஆறும்போது சுமார் 250 கிலோஜூல் சூட்டை விடும். பேட்டரியைப் பத்து டிகிரி ஏற்ற 120 போதும். பாதி வீணாகப் போனாலும் காரியம் ஆகிவிடும். பையைத் துணியில் சுற்றி, பேட்டரியின் பக்கவாட்டில் சாய்த்து, இரண்டின் மேலும் ஒரு போர்வையைப் போடுங்கள். டெர்மினல்களின் மேலே வைக்காதீர்கள், மூடி நன்றாக இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஹேர் டிரையர், ஹீட் கன் வேண்டாம்; ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும், நடுவில் இருக்கும் செல் அப்படியே இருக்கும்.

வேனை நிறுத்தி வைக்கும் மாதங்கள்

குளிர்காலத்தில் வேனைத் தொடவே போவதில்லை என்றால் வேலை குறைவு. பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டு, எல்லா லோடையும் மெயின் சுவிட்சில் துண்டியுங்கள். கேஸ் அலாரம், டிராக்கர், இன்வெர்ட்டரின் ஸ்டேண்ட்பை, ஹீட்டர் கண்ட்ரோலர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்து இரண்டு மாதத்தில் காலி செய்துவிடும். லித்தியம் தன்பாட்டில் மாதத்துக்கு 2, 3 சதவீதம்தான் இழக்கும். காலியாகிக் கிடப்பதுதான் அதற்கு ஆபத்து.

சோலாரையும் துண்டிக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறப்பது. ஆளில்லாத வேன், மைனஸ் 4, நல்ல வெயில், பேனல் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். துண்டிக்கும்போது முதலில் பேனல் ஒயர், பிறகு பேட்டரி ஒயர். திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். மாற்றிச் செய்தால் எம்பிபிடிக்கு ஆகாது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோனால் நல்லதுதான், ஆனால் கட்டாயமில்லை. பெரும்பாலானவை மைனஸ் 20 வரை சும்மா கிடக்கத் தாங்கும், கையேட்டில் சேமிப்பு வெப்பநிலை என்ற வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பேட்டரியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மேலே ஈரம் கோக்கும். அது காயும் வரை எதையும் மாட்டாதீர்கள்.

ஏற்கெனவே குளிரில் ஏற்றிவிட்டோமோ என்று சந்தேகம் இருந்தால்

ஒரு தடவை, குறைந்த ஆம்ப்பில், 0-க்கு ஒட்டி நடந்திருந்தால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. பல காலை நடந்திருந்தால் அளந்துதான் பார்க்க வேண்டும். பேட்டரியை 20 டிகிரி அறைச் சூட்டில் ஒரு நாள் வைத்து, 100 சதவீதம் ஏற்றி, ஷன்ட்டைப் பூஜ்யப்படுத்தி, 20 ஆம்ப் அளவுள்ள லோடை வைத்து பிஎம்எஸ் துண்டிக்கும் வரை இறக்குங்கள். எத்தனை ஏஎச் வெளியே வந்தது என்று குறித்துவிட்டு, உடனே திரும்ப ஏற்றுங்கள். குளிரில் அளந்தால் எண் குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்து அலறக் கூடாது. 95-க்கு மேல் வந்தால் நிம்மதி. 80-க்குக் கீழே என்றால், கூடவே ஆப்பில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட முன்னாலேயே தாழ்ந்து போனால், அந்தப் பேட்டரியை நம்பி மலைப்பக்கம் போகாதீர்கள். பெட்டி உப்பியிருந்தாலோ சும்மா இருக்கும்போதே வெதுவெதுப்பாக இருந்தாலோ சோதனையெல்லாம் வேண்டாம், வேனிலிருந்து இறக்கி, வீட்டுக்கு வெளியே எரியாத தரையில் வைத்துவிட்டு, உங்கள் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். லித்தியத்தைச் சாதாரணக் குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் தீப்பிடிக்கலாம்.